பதின்மூன்றாம் அதிகாரம்

அந்த வாரத்தில் ஜெயசீலிக்குப் பைபிளின் ரோமர் நிருபம் பதின்மூன்றாம் அதிகாரத்தை எடுத்துச் சொன்ன நான்காவது ஆள், நெற்றி நிறைய விபூதி பூசிய துணை வட்டாட்சியர் நாகேந்திரன்.

"உங்க பைபிள்லயே போட்டிருக்காம்லம்மா," என்றார் அவர், கோப்பை அவள் பக்கம் நகர்த்தியபடி. "மேல இருக்கிற அதிகாரத்துக்கு எல்லாரும் கீழ்ப்படியணும், அதிகாரமே கடவுள் குடுத்ததுன்னு. நான் ஒண்ணும் புதுசாச் சொல்லல. உங்க சாமி சொன்னதைத்தான் சொல்றேன். கையெழுத்தைப் போட்டு விடுங்க."

"யாரு சார் உங்களுக்கு இதைச் சொன்னது?"

"உங்க பாஸ்டருதான். வாட்ஸப்புல அனுப்பியிருக்காரு பாருங்க."

அலைபேசியைத் திருப்பிக் காட்டினார். சூரியன் உதிக்கிற படத்தின் மேல், பூ வேலைப்பாடு போட்ட எழுத்தில், அந்த வசனம் இருந்தது. கீழே இரண்டு கைகூப்பல்.

ஜெயசீலிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. திங்கட்கிழமை கணவன் எட்வின் சொன்னான். செவ்வாய்க்கிழமை திருநெல்வேலியிலிருந்து நாத்தனார் போன் போட்டுச் சொன்னாள். புதன்கிழமை பாஸ்டரே சொன்னார். இன்று வியாழன். சனி, ஞாயிறுக்குள் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவர்களும் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் பூவாணியேந்தலுக்கு நான்கு வருஷமாகக் கிராம நிர்வாக அலுவலர். கல்லல் போகிற சாலையிலிருந்து உள்ளே பிரிகிற சின்ன ஊர். அங்கே ஆள் இல்லாமல் கிடந்த பெரிய வீடு ஒன்றை வெளியூர்க்காரர்கள் வாங்கி, சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதியாக மாற்றியிருந்தார்கள். விடுதிக்கு எல்லாம் இருந்தது. பெரிய பஸ் உள்ளே வர வழிதான் இல்லை. ஊரணிக் கரையை ஒட்டிய புறம்போக்கு நிலத்தில் சாலை போட்டால் வழி கிடைக்கும். அந்த நிலத்தில் யாரும் குடியிருக்கவில்லை, அது காலியிடம் என்று கிராம நிர்வாக அலுவலர் ஒரு அறிக்கை எழுதித் தர வேண்டும். கோப்பில் அறிக்கை ஏற்கெனவே தட்டச்சாகி இருந்தது. அவளுடைய கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

அந்தக் காலியிடத்துக்கு அவள் போன வாரம்தான் போய் வந்திருந்தாள். பதினொரு வீடுகள். நாற்பத்து மூன்று பேர். சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்கள். வீடு ஒவ்வொன்றிலும் மின்சார மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நிலத்தை அளந்து முடிப்பதற்குள் பொன்னுத்தாயி என்கிற பெண் கரி படிந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, "வெயில்ல நிக்கிறீகளே தாயி, செத்த உக்காருங்க" என்று பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டாள். தம்ளரில் மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு ஜெயசீலி எல்லோருடைய ரேஷன் கார்டையும் வாங்கிப் பார்த்து எண்களைக் குறித்துக்கொண்டு வந்தாள். எல்லாவற்றிலும் முகவரி, ஊரணிக் கரை, பூவாணியேந்தல்.

"சார், அங்க பதினோரு வீடு இருக்கு," என்றாள் இப்போது.

"தெரியும்மா."

"தெரிஞ்சும் காலியிடம்னு எழுதச் சொல்றீக."

"ஆளுங்க இருக்காங்கன்னு எழுதுனா நோட்டீஸ் குடுக்கணும். விசாரணை வைக்கணும். மாத்து இடம் பாக்கணும். ஆறு மாசம் இழுக்கும். மேலருந்து ஒரு நாளைக்கு மூணு போன் வருது எனக்கு. எனக்கு ரிட்டயர்மெண்ட்டுக்கு இன்னும் ஒண்ணரை வருஷந்தான் இருக்கு. என்னை ஏம்மா படுத்துறீக?"

"அவங்களுக்கு ரேஷன் கார்டு குடுத்தது யாரு சார்?"

"கவர்மெண்ட்டு."

"கரண்ட் குடுத்தது?"

நாகேந்திரன் கோப்பின் நாடாவை இழுத்துக் கட்டினார்.

"அதுவும் கவர்மெண்ட்டுதான? ஒரு கவர்மெண்ட்டு அங்க ஆள் இருக்குங்குது. இன்னொரு கவர்மெண்ட்டு இல்லைங்குது. இதுல நான் எதுக்குக் கீழ்ப்படியறது?"

"அதிகமாப் பேசாதீகம்மா."

"சரி சார், பேசல. காலியிடம்னு எழுதிக் குடுன்னு எனக்கு ஒரு உத்தரவு எழுத்துல குடுத்துருங்க. உங்க கையெழுத்தோட."

"இதெல்லாம் எழுத்துல குடுக்கிற விஷயமாம்மா?" என்றார். குரலில் கோபத்தைவிடச் சலிப்புதான் இருந்தது. "திங்கக்கிழமை காலையில இந்தக் கோப்பு என் மேசையில இருக்கணும்."

வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தியதும் எட்வின், "போட்டியா?" என்றான். அவன் ஒரு தனியார் பள்ளியில் ஆய்வக உதவியாளர். சபையின் செயலாளரும் அவன்தான். அந்தச் சபைக்கு நாற்பது குடும்பங்கள். சைக்கிள் கடைக்கு மேலே வாடகை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, ஞாயிறுதோறும் கூடினார்கள். சொந்தமாக இடம் வாங்கியாகிவிட்டது. ஜெபக்கூடம் கட்ட அனுமதி கேட்ட கோப்பு மூன்று வருஷமாகத் தாலுகா அலுவலகத்தில் கிடந்தது. அது யாருடைய மேசையில் கிடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

"போடல," என்றாள்.

"ஏ சீலி, ஒனக்கு என்னதான் வேணும்? அந்த மனுசன் வாயைத் திறந்தே சொல்லிட்டாரு. உங்க வீட்டம்மா கையெழுத்துப் போடட்டும், உங்க ஜெபக்கூடக் கோப்பு நகரும்னு. நாப்பது குடும்பம் தகரத்துக்குக் கீழ வேகுது. ஒனக்கு மட்டுந்தான் மனசாட்சி இருக்கா?"

"அந்தப் பதினோரு குடும்பம்?"

"அவங்க எப்படியும் போகப் போறவங்கதான. ரோடு வரத்தான் போகுது. நீ எழுதலன்னா இன்னொருத்தன் எழுதுவான். பவுல் அதை எழுதுனப்ப ஆண்டது யாருன்னு தெரியுமா? நீரோ! அவ்வளவு கொடியவனுக்கே கீழ்ப்படியச் சொல்லியிருக்காரு. நாகேந்திரன் சாரு நீரோவா?"

"நீரோவுக்குப் பொய் சர்ட்டிபிகேட் எழுதிக் குடுங்கன்னு பவுல் எங்க சொன்னாரு? வரி கட்டச் சொன்னாரு, நான் கட்டுறேன். மரியாதை குடுக்கச் சொன்னாரு, சார் சார்னு நாள் பூரா குடுக்கிறேன். பொய் சொல்லுன்னு அந்த அதிகாரத்துல ஒரு வரி இருந்தாக் காட்டுங்க. இப்பவே போய்ப் போட்டுட்டு வாரேன்."

எட்வின் பைபிளை எடுத்தான். புரட்டினான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடி வைத்தான். "ஒன்கிட்டப் பேசி ஜெயிக்க முடியுமா," என்று சொல்லிவிட்டுக் குழம்பு இருந்த சட்டியைத் திறந்து பார்த்து, அதையும் மூடினான்.

சனிக்கிழமை அவளே பாஸ்டரைப் பார்க்கப் போனாள். பாஸ்டருக்குப் பெயர் காளிதாஸ். பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்து இருபத்தைந்து வயதில் கிறிஸ்தவரானவர். ஞானஸ்நானத்தில் காலேப் என்று பெயர் வைத்தார்கள். யாருக்கும் அது வாயில் வரவில்லை, பாஸ்டர் காளிதாஸ் என்றே நிலைத்துவிட்டது. நல்ல மனிதர். ஜெயசீலியின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினாறு நாளும் பஸ் பிடித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். அதனால்தான் அவளுக்குக் கோபம் கூடுதலாக வந்தது.

"ஏன் பாஸ்டர், என் ஆபீசரு போனுக்கே வசனம் அனுப்புறீகளா?"

"சிஸ்டர், அவரு கேட்டாரு. பைபிள்ல இப்படி இருக்கான்னு. இருக்குன்னு அனுப்புனேன். இருக்கத்தான செய்யுது?"

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி போலீஸ்காரரு வந்து மாடியில ஜெபம் பண்ணக் கூடாது, பூட்டுங்கன்னு சொன்னாருல்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்க என்ன பிரசங்கம் பண்ணுனீக?"

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் முன் வரிசையில உக்காந்திருந்தேன்," என்றாள். "பேதுரு ஆலோசனைச் சங்கத்துக்கு முன்னாடி நின்ன கதை. மனுசனுக்குக் கீழ்ப்படியறதைவிட தேவனுக்குக் கீழ்ப்படியணும்னு சொன்னீக. கை தட்டுனோம். பூட்டலை. இன்னி வரைக்கும் பூட்டலை. அன்னிக்குப் பேதுரு, இன்னிக்குப் பவுலா? நமக்கு இடைஞ்சல்னா ஒரு வசனம், பொன்னுத்தாயிக்கு இடைஞ்சல்னா இன்னொரு வசனமா?"

"அது வேற சிஸ்டர். அது ஆராதனை. தேவனுக்குச் செய்றதை அவங்க தடுத்தாங்க."

"பொய் சொல்லாம இருக்கிறது தேவனுக்குச் செய்றது இல்லையா?"

"நீங்க பொய் சொல்லல. மேலதிகாரி சொல்றாரு, நீங்க எழுதுறீக. பாவம் அவரு தலையில."

"கையெழுத்து என்னுது பாஸ்டர்!"

அவள் குரல் உயர்ந்ததில் உள்ளே சமைத்துக்கொண்டிருந்த பாஸ்டரின் மனைவி சித்ரா எட்டிப் பார்த்தார். ஜெயசீலி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எகிப்துல ராஜா மருத்துவச்சிகள்ட்ட என்ன சொன்னான்? ஆம்பளப் புள்ள பொறந்தாக் கொன்னுருங்கன்னான். அதுவும் மேலதிகாரந்தான. அவங்க செஞ்சாங்களா? செய்யல. தேவன் அவங்களைத் தண்டிச்சாரா? குடும்பம் தழைக்கப் பண்ணுனாருன்னு நீங்கதான் ஞாயிறு பள்ளியில எங்களுக்கு நடத்துனீக."

"சிஸ்டர், நான் சொல்லிக் குடுத்ததை எனக்கே திருப்பிச் சொல்றீக."

"வேற யாருகிட்டப் போய்ச் சொல்றது? இதையும் கேளுங்க. அதே பவுலைப் பிலிப்பி பட்டணத்துல விசாரணை இல்லாம அடிச்சு ஜெயில்ல போட்டாங்க. மறுநாள் சத்தமில்லாமப் போயிருன்னு சொல்லிவிட்டாங்க. போனாரா? என்னை விசாரிக்காம அடிச்சீங்க, இப்ப ரகசியமா அனுப்புறீங்களா, அதிகாரிகளே வந்து கூட்டிட்டுப் போகட்டும்னு உக்காந்துட்டாரு. சட்டப்படி செய்யின்னு அதிகாரத்தைக் கேட்டிருக்காரு பாஸ்டர். நானும் அதைத்தான் கேக்கேன். நோட்டீஸ் குடுங்க, விசாரிங்க, அப்புறம் ரோடு போடுங்க. இதுல என்ன கீழ்ப்படியாமை இருக்கு?"

பாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு, "நாப்பது குடும்பம்," என்றார். "போன மழைக்கு ஒழுகி, செந்தாமரை அக்கா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு போச்சு. மூணு வருசமா நான் அந்த ஆபீஸ் படி ஏறி இறங்குறேன். முதல் தடவையா ஒருத்தரு, உக்காருங்க பாஸ்டர்னு நாற்காலி காட்டுனாரு. அந்த ஆசையில அனுப்பிட்டேன்."

அதைக் கேட்டதும் ஜெயசீலிக்குக் கோபம் போய்விடும் என்று அவளே எதிர்பார்த்தாள். போகவில்லை. இரக்கம் வந்தது, அதன் பக்கத்திலேயே எரிச்சலும் உட்கார்ந்திருந்தது.

"அந்த அதிகாரத்தை நேத்து மூணு தடவை படிச்சேன்," என்றாள். "அதுல அதிகாரிக்குத் தேவனுடைய ஊழியக்காரன்னு பேரு. உனக்கு நன்மை செய்யத்தான் அவனை வச்சிருக்குன்னு வருது. இத்தனை நாளும் நான் கீழ இருக்கிறவங்கிற நினைப்புலதான் அதைப் படிச்சிருக்கேன். நாகேந்திரன் சாருக்கு நான் கீழதான். பொன்னுத்தாயிக்கு யாரு மேலதிகாரம்? நாந்தான். அவ என்னைப் பாத்தா எந்திரிச்சு நிக்கிறா. அவளுக்கு நன்மை செய்யத்தான் என்னை வச்சிருக்குன்னா, நீ இல்லவே இல்லைன்னு நான் எப்படி எழுத?"

"நீங்க என்ன செய்யப் போறீக?"

"அதைக் கேக்கத்தான் உங்ககிட்ட வந்தேன்."

அவர் போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. "ஜெபிக்கிறேன் சிஸ்டர்," என்றார்.

மறுநாள் அவர் கானாவூர்க் கலியாணத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினார். தண்ணீர் திராட்சரசமான அதிசயத்தை முக்கால் மணி நேரம் விளக்கினார். ஜெயசீலியின் பக்கம் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. வாரம் முழுக்க ஊரெல்லாம் பவுலை அனுப்பிவிட்டு, அவளுக்கு ஒரு வார்த்தை வேண்டிய அன்று கலியாண வீட்டுக்குப் போய்விட்டாரே என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பாட்டுப் பாடினாள்.

திங்கட்கிழமை காலை அவள் கோப்பில் இருந்த தட்டச்சு அறிக்கையைத் தொடவில்லை. வெள்ளைத் தாளில் தன் கைப்பட வேறொன்று எழுதினாள். மேற்படி நிலத்தில் பதினொரு குடும்பங்கள் குடியிருக்கின்றன; குடும்பத் தலைவர்களின் பெயர்களும் ரேஷன் கார்டு எண்களும் கீழே; பொது நோக்கத்துக்கு நிலம் தேவையெனில் இவர்களுக்கு முறைப்படி அறிவிப்புக் கொடுத்து விசாரிக்கலாம். கையெழுத்திட்டாள். நாகேந்திரனின் மேசைக்கு நேராகக் கொண்டுபோகாமல் தபால் பிரிவில் கொடுத்து, பதிவு எண் வாங்கிக்கொண்டாள். எண் விழுந்துவிட்ட தாளைக் கிழித்துப் போடுவது அவ்வளவு சுலபமில்லை. பதினான்கு வருஷ வேலையில் அவள் கற்றுக்கொண்ட உருப்படியான விஷயங்களில் அது ஒன்று.

பதினொரு மணிக்கு நாகேந்திரன் கூப்பிட்டார். கத்தவில்லை. "ஒரு வாய்ச் சொல்லுக்குக்கூட மதிப்பில்லையாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"நீங்க என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏத்துக்கிறேன் சார். எடுக்காதீகன்னு சொல்ல மாட்டேன். அது உங்க அதிகாரம். பொய்யை மட்டும் கேக்காதீக."

எடுத்தார்கள். மறுநாள் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. ஒரு வாரத்தில் குற்றச்சாட்டு வந்தது, மேலதிகாரியின் அறிவுரைக்குக் கீழ்ப்படியாமை என்று. எந்த அறிவுரை என்று அதில் எழுதவில்லை. எழுத முடியாது. பதினைந்தாம் நாள் மாவட்டத்தின் மறுகோடிக்கு, இளையான்குடிக்கும் அப்பால் ஒரு கிராமத்துக்கு மாற்றல் உத்தரவு. போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ்.

அலுவலர் சங்கத்துக்காரர் லட்சுமணன் வீட்டுக்கே வந்துவிட்டார். "மெடிக்கல் லீவு போடுங்க. கோர்ட்டுக்குப் போவோம். போய்ச் சேராதீக," என்றார்.

"கோர்ட்டுக்குப் போவேண்ணே. சட்டம் அதுக்கு வழி வச்சிருக்கு. ஆனா இல்லாத நோயை எழுதி லீவு போட மாட்டேன். அதுக்கு அந்தக் காலியிடச் சர்ட்டிபிகேட்டையே எழுதியிருக்கலாம். உத்தரவு போட்டாங்க, நான் போய்ச் சேர்றேன்."

"இதென்ன நியாயம்? அதுக்குக் கீழ்ப்படிய மாட்டேன், இதுக்குக் கீழ்ப்படிவேன்னு!"

"இவ்வளவு நாளும் நான் கத்திக்கிட்டிருக்கிறது அதைத்தாண்ணே," என்றாள் ஜெயசீலி. அதற்கு மேல் விளக்க அவளுக்குத் தெம்பில்லை.

எட்வின் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நான்காம் நாள் அவளுடைய புதிய ஊருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து, ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவைத்தான். அதன் கீழே, தவறவிட்டால் அடுத்தது எத்தனை மணிக்கு என்றும் எழுதியிருந்தான்.

அவள் எழுதிய அறிக்கை கோப்பில் இருந்ததால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. பூவாணியேந்தலுக்குப் புதிதாக வந்த அலுவலர் காலியிடம் என்று எழுத மறுத்தார். நல்லவர் என்பதால் அல்ல, ஏற்கெனவே பதினொரு பெயர் பதிவாகியிருக்கும்போது மாற்றி எழுதினால் தான் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில். அறிவிப்பு போயிற்று. கோட்டாட்சியர் சந்திரலேகா நேரில் வந்து விசாரித்தார். ஐந்து மாதம் கழித்து ஒன்பது குடும்பங்களுக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளிப் பட்டாவோடு இடம் கிடைத்தது. இரண்டு குடும்பங்கள் வேண்டாம் என்று சொந்தக்காரர்களிடம் போய்விட்டன. சாலையும் வந்தது, பெரிய பஸ்ஸும் வந்தது. ஜெயசீலிக்கு ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தம் என்ற தண்டனையோடு விசாரணை முடிந்தது. அவள் மேல்முறையீடு செய்தாள். ஜெபக்கூடக் கோப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

இதைப் பற்றி பாஸ்டர் அவளிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினார். "அந்த அதிகாரத்தை இனிமே முழுசாத்தான் சிஸ்டர் வாசிக்கணும்," என்றார். அவளிடம் மன்னிப்புக் கேட்பதாக அவர் நினைத்திருக்கக்கூடும். அவளும் அப்படியே எடுத்துக்கொண்டாள்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள், அவள் இரண்டாவது பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது போன் வந்தது. பொன்னுத்தாயி. நன்றி சொல்லக் கூப்பிடுகிறாள் என்று ஜெயசீலி ஒரு கணம் மகிழ்ந்துவிட்டாள்.

"என்ன தாயி இப்படிப் பண்ணிப்பிட்டீக? இங்குட்டு வந்து ரெண்டு மாசமாச்சு, தண்ணிக் குழாயே இல்ல. ஊரணி பக்கத்துலயாவது இருந்துச்சு அங்க. குடத்தைத் தூக்கிக்கிட்டு அங்குட்டு நடக்கவா?"

"நான் இப்ப அந்த ஊருல இல்லையே பொன்னுத்தாயி. புது அலுவலருகிட்டச் சொன்னீகளா?"

"அவரு போனே எடுக்க மாட்டேங்காரு. எங்க பேரை எழுதுனது நீங்கதான? நீங்கதான் கேக்கணும்."

ஜெயசீலி பஸ் நிறுத்தத்தின் தூணில் சாய்ந்துகொண்டாள். இந்த ஒரு கையெழுத்தால் வேலையில் கெட்ட பெயர், வீட்டில் பிணக்கு, சபையில் முணுமுணுப்பு. இப்போது இவளும் ஏசுகிறாள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள். திட்டத்தான் திறந்தாள். "எத்தனை வீட்டுக்குத் தண்ணி இல்ல, சரியாச் சொல்லு," என்று கேட்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. குலுங்கக் குலுங்க மனுவை எழுதி முடித்தாள். வீட்டுக்கு வந்து எட்வினிடம் நீட்டினாள்.

"நாளைக்கு நீங்க போய் இதைத் தாலுகா ஆபீசுல குடுத்துட்டு வாங்க. நான் போனா மூஞ்சியத் திருப்பிக்குவாங்க."

"என்னைப் பாத்தா மட்டும் சிரிப்பாங்களாக்கும்," என்றான் எட்வின். "எனக்கு இருக்கிறதே ரெண்டு நாள் லீவுதான்." மனுவை வாங்கி முழுவதும் படித்தான். ஒரு எழுத்துப் பிழையைப் பேனாவால் திருத்தினான். பிறகு அதை மடித்து, மறுநாள் போட வைத்திருந்த சட்டையின் பையில் செருகினான்.